வெளிநாட்டு உதவியும் தெருப் போராட்டமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அணையைக் கட்டுவது சொந்த அரசு. பணம் கடல் தாண்டி வருகிறது. மானியத்தை வெட்டுவதாக அறிவிப்பது நிதியமைச்சர். வெட்டினால்தான் அடுத்த தவணை என்று சொன்னது கடன் கொடுத்தவர். கோபம் வந்த ஜனம் யார் வாசலில் போய் நிற்பது? கீழே உள்ள கேள்விகளில் முக்கால்வாசி இந்த ஒரு குழப்பத்திலிருந்து பிறந்தவைதான்.

வளர்ச்சி உதவி என்றால் எது? கடனும் அதில் சேருமா?

சேரும். பணக்கார நாடுகளின் அமைப்பான ஓஇசிடி-யின் உதவிக் குழு 1969-ல் வகுத்த வரையறைதான் இன்றும் அடிப்படை. அது அரசுப் பணமாக இருக்க வேண்டும். வாங்கும் நாட்டின் வளர்ச்சியே முதல் நோக்கமாக இருக்க வேண்டும். இனாமாகவோ, சந்தையைவிடச் சலுகையான வட்டியிலோ தரப்பட வேண்டும். ராணுவ உதவி இதில் வராது. நெருக்கடி நேரத்தில் சர்வதேச நாணய நிதியம் (ஐஎம்எஃப்) தரும் வழக்கமான கடனும் கணக்குப்படி இதில் இல்லை.

இது கணக்கு எழுதுபவர்களின் பிரிவு. தெருவில் நிற்பவர் இப்படிப் பிரித்துப் பார்ப்பதில்லை. 2011-ல் கெய்ரோவின் தஹ்ரீர் சதுக்கத்தில், போலீஸ் வீசிய கண்ணீர்ப்புகைக் குப்பிகளை இளைஞர்கள் பொறுக்கி எடுத்து, திருப்பி, கேமராவுக்கு நேரே பிடித்தார்கள். ‘அமெரிக்காவில் தயாரிக்கப்பட்டது’ என்று அச்சிட்டிருந்தது. அது உதவியாக வந்ததா, எகிப்து விலைக்கு வாங்கியதா என்று அப்போது யாரும் விசாரிக்கவில்லை. ஆண்டுக்குச் சுமார் 130 கோடி டாலர் ராணுவ உதவி எங்கிருந்து வருகிறது என்பது அந்தச் சதுக்கத்தில் இருந்த எல்லோருக்கும் தெரியும். அதனால் கீழே ‘உதவி’ என்று வரும் இடங்களில் சொல்லைக் கொஞ்சம் தளர்வாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

சரி, உதவி வந்தால் போராட்டம் கூடுமா, குறையுமா?

இரண்டுக்கும் உதாரணம் காட்டலாம். ஆய்வாளர்களுக்குள்ளேயே தகராறு உண்டு. அமெரிக்கா அனுப்பும் உணவு உதவி உள்நாட்டுச் சண்டைகளை அதிகமாக்குகிறது என்று நேதன் நன், நான்சி சியான் என்ற இரு பொருளியலாளர்கள் 2014-ல் எழுதினார்கள். கணக்குப் போட்ட முறையே சரியில்லை என்று வேறு சிலர் மறுத்தார்கள்.

கேள்வியே கொஞ்சம் கோணலாகக் கேட்கப்படுகிறது என்பது என் எண்ணம். உதவி செய்யும் முக்கியமான வேலை வேறு: அரசு யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பதை அது மாற்றிவிடுகிறது. வரிப் பணத்தில் ஓடும் அரசு, பிடிக்கிறதோ இல்லையோ, வரி கட்டுபவர் முகத்தைப் பார்த்தாக வேண்டும். பட்ஜெட்டில் பெரும் பங்கு வெளியிலிருந்து வந்தால், நிதியமைச்சர் கோப்பைத் தூக்கிக்கொண்டு விமானம் ஏறினால் போதும். மக்களும் இதைச் சீக்கிரமே பிடித்துக்கொள்கிறார்கள். ஆங்கிலமே பேசாத ஊரில் நடக்கும் ஊர்வலத்தில் ஆங்கிலப் பதாகை ஒன்றாவது இருக்கும். அது பக்கத்து வீட்டுக்காரர் படிப்பதற்காக எழுதியதல்ல.

‘ஐஎம்எஃப் கலவரம்’ என்கிறார்களே, அது என்ன?

கடன் தருபவரின் நிபந்தனைப்படி மானியம் வெட்டப்பட்டு, விலை ஒரே இரவில் ஏறி, மறுநாள் ஊர் எரிவது. 1989 பிப்ரவரியில் வெனிசுவேலாவில் பஸ் கட்டணத்தில் தொடங்கியது, நூற்றுக்கணக்கானோர் செத்தார்கள். 1986 டிசம்பரில் ஜாம்பியாவின் செம்புச் சுரங்கப் பகுதியில் மக்காச்சோள மாவு விலையில் தொடங்கியது. ஐந்தே மாதத்தில் அந்த நாடு ஐஎம்எஃப் திட்டத்தையே தூக்கிப் போட்டது.

எகிப்தின் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 1977 ஜனவரி 17 அன்று அதிபர் சதாத்தின் அரசு ரொட்டி, அரிசி, சர்க்கரை, சமையல் எரிவாயு உள்ளிட்ட பொருள்களின் மானியத்தைக் குறைப்பதாக அறிவித்தது. அடுத்த இரண்டு நாள் அலெக்சாந்திரியாவிலிருந்து அஸ்வான் வரை கலவரம். ராணுவம் இறங்கியது, ஊரடங்கு வந்தது, பல பத்துப் பேர் உயிரிழந்தார்கள். உடனே விலை உயர்வு வாபஸ். இந்தப் பயம் அதற்குப் பின் வந்த எந்த ஆட்சியையும் விட்டு நீங்கவில்லை. 1980-களின் இறுதியில் 5 பியாஸ்தர் (எகிப்தின் சில்லறைக் காசு) என்று வைத்த மானிய ரொட்டியின் விலையை முப்பது ஆண்டுக்கு மேல் யாரும் தொடவில்லை. பதிலாக ரொட்டியைத் தொட்டார்கள். 2020-ல் அதன் எடை 110 கிராமிலிருந்து 90 கிராமாகியது. விலை அதே 5 பியாஸ்தர். கடைசியில் 2024 ஜூனில்தான் துணிந்து 20 பியாஸ்தர் ஆக்கினார்கள். 1977-ல் தெருவில் இறங்கியவர்கள் எதைச் சாதித்தார்கள் என்று கேட்பவர்களுக்கு இந்த ரொட்டியைக் காட்டலாம்.

அப்படியானால் குற்றவாளி ஐஎம்எஃப்-தானா?

அரசுகள் அப்படித்தான் சொல்லும். ‘எங்கள் கையில் என்ன இருக்கிறது, அவர்கள் சொன்னார்கள், செய்தோம்.’ ஐஎம்எஃப் கேட்டால், ‘பற்றாக்குறையைக் குறைக்கச் சொன்னோம், எந்த வரியைப் போடுவது என்பது அவர்கள் முடிவு’ என்னும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. நிபந்தனைகள் அடங்கிய கடிதம் ஐஎம்எஃப் கடன் வாங்கும் நாட்டுக்கு எழுதுவதல்ல. கடன் வாங்கும் நாட்டின் நிதியமைச்சரும் மத்திய வங்கி ஆளுநரும் கையெழுத்துப் போட்டு ஐஎம்எஃப்-க்கு எழுதுவது. ‘இதையெல்லாம் செய்ய நாங்களே விரும்புகிறோம்’ என்ற பாவனையில் இருக்கும். வரைவு யாருடையது என்பது இரண்டு தரப்புக்கும் தெரியும்.

என்னைக் கேட்டால், இரு தரப்பும் பாதி உண்மை சொல்கின்றன, மீதிப் பாதியை மறைக்கின்றன. பற்றாக்குறையைப் பணக்காரர் மீதான வரியாலும் அடைக்கலாம், சமையல் எண்ணெய் மீதான வரியாலும் அடைக்கலாம். எந்தப் பக்கம் எதிர்ப்புக் குரல் மெலிதாக இருக்குமோ அந்தப் பக்கம் கைவைப்பது ஆட்சியாளரின் வழக்கம். கென்யாவில் 2024-ல் அந்தக் கணக்குத் தப்பியது. ஐஎம்எஃப்-பிடம் ஒப்புக்கொண்ட இலக்கை எட்டுவதற்காக வந்த நிதி மசோதாவில் ரொட்டிக்கும் எண்ணெய்க்கும் வரி இருந்தது. ரொட்டி வரியை நடுவில் கைவிட்டும் பலனில்லை. இருபது வயதுப் பிள்ளைகள் போனில் மசோதாவின் பக்கங்களை விளக்கிக்கொண்டே தெருவுக்கு வந்தார்கள். ஜூன் 25 அன்று நாடாளுமன்றத்துக்குள் புகுந்தார்கள், துப்பாக்கிச் சூட்டில் பலர் இறந்தார்கள். மறுநாள் அதிபர் ரூட்டோ மசோதாவில் கையெழுத்திட மாட்டேன் என்றார். பதாகைகளில் அவர் பெயரோடு ஐஎம்எஃப் பெயரும் இருந்தது.

இலங்கையில் 2022-ல் நடந்ததும் இதே வகைதானா?

இல்லை, அங்கே வரிசையே வேறு. எரிபொருளும் மருந்தும் தீர்ந்து, ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பித் தர முடியாது என்று அரசு கைவிரித்து, ஜூலையில் கோத்தபய ராஜபக்ச நாட்டை விட்டுப் போனார். ஐஎம்எஃப் வாரியம் சுமார் 300 கோடி டாலருக்கு ஒப்புதல் தந்தது 2023 மார்ச்சில். அரகலய என்ற அந்த மக்கள் போராட்டத்தின் கோபம் சொந்த ஆட்சியாளர் மீதுதான். நிபந்தனைகள் மீதான கோபம் அதற்கு அப்புறம் வந்தது.

அணை, சாலை போன்ற திட்டங்களுக்கு எதிரான போராட்டங்களால் பணம் நின்றதுண்டா?

உண்டு. எல்லோரும் எடுத்துக்காட்டுவது நர்மதை. சர்தார் சரோவர் அணைக்கும் கால்வாய்க்கும் 1985-ல் உலக வங்கி 45 கோடி டாலர் ஒப்புக்கொண்டது. 1990 டிசம்பரில் மூழ்கவிருந்த ஊர்களின் ஜனங்கள் ஆயிரக்கணக்கில் அணையை நோக்கி நடந்தார்கள். குஜராத் எல்லையில் பெர்குவா என்ற இடத்தில் போலீஸ் மறித்தது. அடிதடிக்கு வரவில்லை என்று காட்ட, வரிசை வரிசையாகத் தங்கள் கைகளைத் தாங்களே கட்டிக்கொண்டு முன்னேறினார்கள். மேதா பட்கரும் சிலரும் மூன்று வாரம் உண்ணாவிரதம் இருந்தார்கள். எல்லையைத் தாண்ட முடியவில்லை. ஆனால் வாஷிங்டனில் அசைவு தெரிந்தது. உலக வங்கி தன் திட்டம் ஒன்றையே விசாரிக்க முதல்முறையாக வெளியார் குழுவை நியமித்தது. பிராட்ஃபோர்டு மோர்ஸ் தலைமையிலான அந்தக் குழு 1992 ஜூனில் தந்த அறிக்கை, மறுகுடியமர்வு ஏற்பாடுகளில் குறைகள் மலிந்திருப்பதாகவும் வங்கி ஒதுங்கி நின்று யோசிக்க வேண்டும் என்றும் சொன்னது. 1993 மார்ச்சில், மீதிக் கடன் வேண்டாம் என்று இந்திய அரசே சொல்லிவிட்டது.

அப்படியென்றால் அது வெற்றிதானே?

இந்த இடத்தில்தான் எனக்குத் தயக்கம். அணை நிற்கவில்லை. கடன் பத்திரம் விற்றும் சொந்தப் பணம் போட்டும் கட்டினார்கள். நடுவில் சில ஆண்டுகள் நீதிமன்றத் தடையால் வேலை நின்றது. 2000-ல் உச்ச நீதிமன்றம் வழிவிட்டது. 2017-ல் முழு உயரமான 138 மீட்டரோடு நாட்டுக்கு அர்ப்பணித்தார்கள். உலக வங்கி போனதோடு, மறுகுடியமர்வை மேற்பார்க்க வெளியிலிருந்து வந்துகொண்டிருந்த கண்களும் போயின. நேபாளத்தின் அருண்-3 நீர்மின் திட்டமும் அப்படியே. 1995-ல் உலக வங்கி கைகழுவியது. 2018-ல் இந்தியப் பொதுத்துறை நிறுவனம் ஒன்று கட்டுவதாக அதற்கு அடிக்கல் நாட்டப்பட்டது.

இதற்கு எதிர்ப்பக்கமாக கம்போடியாவைப் பாருங்கள். புனோம் பென் நகரின் பூங்கக் ஏரியைத் தூர்த்து நிலத்தைத் தனியாருக்குக் கொடுக்க, கரையில் இருந்த குடும்பங்களை அப்புறப்படுத்தத் தொடங்கினார்கள். உலக வங்கிப் பணத்தில் நடந்த நிலப் பதிவுத் திட்டத்தில் தங்களுக்குப் பட்டா தராமல் ஏமாற்றினார்கள் என்று மக்கள் 2009-ல் வங்கியிடம் புகார் கொடுத்தார்கள். கம்போடியாவுக்குப் புதுக் கடன் தருவதை நிறுத்திவைத்திருப்பதாக 2011 ஆகஸ்டில் வங்கி வெளிப்படையாகச் சொன்னது. அந்த மாதத்திலேயே 700-க்கும் மேற்பட்ட குடும்பங்களுக்காக 12.44 ஹெக்டேர் ஒதுக்கி அரசு உத்தரவு போட்டது. அந்தக் கோட்டுக்கு வெளியே விட்டுப்போன வீடுகளுக்காகப் போராடிய 13 பெண்கள் அடுத்த ஆண்டு சிறைக்குப் போனார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இரண்டுக்கும் உள்ள வேறுபாடு பிடிமானம். பணம் இன்னும் வர வேண்டியிருக்கும்போது போராடுபவர் கையில் ஒரு கயிறு இருக்கிறது. கொடுப்பவர் கோபித்துக்கொண்டு எழுந்து போய்விட்டால் கயிறும் போய்விடும். அதற்காக நர்மதைக்காரர்கள் செய்தது தவறு என்று சொல்ல மாட்டேன். வங்கியைப் புகார் கேட்க வைத்தவர்கள் அவர்கள்தான், அந்த மாற்றத்தின் பலன்தான் கம்போடியாவுக்குப் போய்ச் சேர்ந்தது.

போராடுபவர்களுக்கு வெளிநாட்டுப் பணம் வருகிறது என்ற குற்றச்சாட்டு எவ்வளவு உண்மை?

சில அமைப்புகளுக்கு வருகிறது. அவர்களே கணக்கில் காட்டுகிறார்கள். ஆனால் தொண்டு நிறுவனத்துக்கு வரும் நிதியும் தெருவுக்கு வரும் கூட்டமும் ஒன்றல்ல. வாடகைக்கு ஆள் பிடித்து ஒரு நாள் கூட்டம் காட்டலாம். நூறு நாள் ஒரு ஊர் முழுக்கத் தொழிலை விட்டு உட்காராது.

கூடங்குளம் போராட்டத்தின்போது, 2012-ல், பின்னால் அமெரிக்கத் தொண்டு நிறுவனங்கள் இருப்பதாக அன்றைய பிரதமர் மன்மோகன் சிங் சொன்னார். அந்த அணுமின் நிலையமே ரஷ்ய அரசின் கடனில், ரஷ்யத் தொழில்நுட்பத்தில் வந்தது. கட்ட வரும் வெளிநாட்டுப் பணம் ஒத்துழைப்பு, எதிர்க்க வரும் பணம் சதி. இந்த இரட்டை அளவுகோல் எந்த ஒரு நாட்டுக்கும் தனிச்சொத்து அல்ல. 2009-ல் எத்தியோப்பியா, பத்து சதவீதத்துக்கு மேல் வெளிநாட்டு நிதி வாங்கும் அமைப்புகள் மனித உரிமை பற்றி வேலை செய்யக் கூடாது என்று சட்டம் போட்டது. அதே அரசு உலகிலேயே அதிகம் உதவி வாங்கும் அரசுகளில் ஒன்றாக இருந்தது. ரஷ்யா 2012-ல் ‘வெளிநாட்டு முகவர்’ சட்டம் கொண்டுவந்து, அதே ஆண்டு அமெரிக்க அரசின் உதவி அமைப்பான யுஎஸ்எய்டையும் வெளியேற்றியது. ஜார்ஜியாவில் 2024-ல் இதே சாயலில் சட்டம் வந்தபோது, அந்தச் சட்டமே பெரும் போராட்டத்தைக் கிளப்பியது.

மறுபக்கமும் உண்டு. நிதி வாங்கிப் பழகிய இயக்கத்தில் கூட்டம் குறைந்து அறிக்கை கூடும். மூன்று ஆண்டுத் திட்டம் முடிந்ததும் கோரிக்கையும் முடிந்துபோகும். களத்தில் இருப்பவர்களே இதைச் சொல்லிக் கசந்துகொள்வார்கள்.

போராட்டக்காரர்களைச் சுட்டால் உதவி நிற்குமா?

யார் சுடுகிறார் என்பதைப் பொறுத்தது. சங்கடமான பதில், ஆனால் நடப்பு அதுதான். பல கட்சி ஆட்சி கேட்டு நடந்த 1990 ஜூலை 7 போராட்டத்துக்குப் பின்னும் அதிபர் மோய் அசையாமல் இருந்த கென்யாவில், 1991 நவம்பரில் உதவி நாடுகள் பாரிஸில் கூடிப் புது உதவியை ஆறு மாதம் நிறுத்திவைத்தன. டிசம்பரிலேயே ஒரு கட்சி ஆட்சிச் சட்டப் பிரிவு நீக்கப்பட்டது. மலாவியில் கத்தோலிக்க ஆயர்களின் சுற்றுமடல், மாணவர் போராட்டம், வேலைநிறுத்தம், 1992 மே மாதம் உதவி நிறுத்தம், 1993 ஜூனில் பல கட்சி ஆட்சிக்கு ஆதரவாக வாக்கெடுப்பு என்று வரிசையாக நடந்தது. பனிப்போர் முடிந்து, இந்தத் தலைவர்கள் யாருக்கும் தேவைப்படாமல் போன காலம் அது.

எத்தியோப்பியாவில் 2005 தேர்தலுக்குப் பின் கிட்டத்தட்ட 200 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். உதவி நாடுகள் அரசு கஜானாவுக்கு நேராகப் பணம் போடுவதை நிறுத்தின. அடுத்த ஆண்டே ‘அடிப்படைச் சேவைகள்’ என்ற பெயரில் மாவட்டங்கள் வழியாக வேறு பாதை திறந்தது. வாய்க்கால்தான் மாறியது. பள்ளியையும் ஆஸ்பத்திரியையும் பட்டினி போடக் கூடாது என்ற அவர்கள் வாதத்தில் நியாயம் இல்லாமலில்லை. அந்த நியாயத்தை ஆட்சியாளர்களும் நன்றாக அறிவார்கள் என்பதுதான் சிக்கல்.

போராட்டமே உதவியைக் கொண்டுவருமா?

கொண்டுவரும், சில சமயம் பத்தே நாளில். 2018-ல் ஜோர்டானில், ஐஎம்எஃப் திட்டத்தையொட்டி வந்த வருமான வரி மசோதாவுக்கு எதிராக ரமலான் நோன்பு துறந்த பிறகு இரவிரவாக ஜனம் கூடியது. ஜூன் 4-ல் பிரதமர் பதவி விலகினார். மசோதா வாபஸானது. ஜூன் 11-ல் சவூதி அரேபியாவும் ஐக்கிய அரபு அமீரகமும் குவைத்தும் 250 கோடி டாலர் தருவதாக அறிவித்தன. கென்யாவில் நடந்ததுபோல் நிபந்தனை விதிக்க அல்ல, தீ தங்கள் வீட்டுக்கூரைக்குப் பரவக் கூடாது என்ற பயத்தில். 2011-ல் பஹ்ரைனுக்கும் ஓமனுக்கும் தலா 1,000 கோடி டாலர் என்று வளைகுடா நாடுகள் சொன்னதும் இதே காரணத்தால். 1959 கியூபப் புரட்சிக்குப் பின் கென்னடி லத்தீன் அமெரிக்காவுக்கு 1961-ல் அறிவித்த ‘முன்னேற்றக் கூட்டணி’யும் இந்த வகைதான். புரட்சிக்குப் பயந்து பிறந்த உதவி.

உதவி கொடுக்கும் நாட்டு மக்களும் போராடுகிறார்களா?

குறைவு, ஆனால் நடந்தபோது பலமாக நடந்தது. மலேசியாவின் பெர்காவ் அணைக்கு பிரிட்டன் 23.4 கோடி பவுண்டு தந்தது, ஆயுத விற்பனையோடு முடிச்சுப் போட்டு. இது நஷ்டத் திட்டம் என்று உதவித் துறையின் தலைமை அதிகாரியே எதிர்த்து எழுதினார். தொண்டு அமைப்பு ஒன்று வழக்குப் போட்டு, 1994 நவம்பரில் லண்டன் உயர் நீதிமன்றம் அந்த உதவி சட்டவிரோதம் என்றது. 1998 மே மாதம் பர்மிங்காமில் ஜி-8 மாநாட்டைச் சுற்றி சுமார் 70,000 பேர் கைகோத்துச் சங்கிலியாக நின்று ஏழை நாடுகளின் கடனைத் தள்ளுபடி செய்யக் கேட்டார்கள். அடுத்த ஆண்டு தள்ளுபடித் திட்டம் விரிவானது.

சீனப் பணத்துக்கு எதிரான போராட்டங்கள் வேறு மாதிரி இருக்குமா?

புகார் கொடுக்கும் ஜன்னல் இல்லை என்பதே பெரிய வேறுபாடு. எல்லா அழுத்தமும் சொந்த அரசின் மீதே விழும். மியன்மாரில் 360 கோடி டாலர் மதிப்புள்ள மித்சோன் அணையை 2011 செப்டம்பரில் நிறுத்தியது அதிபர் தெய்ன் செய்ன், பெய்ஜிங் அல்ல.

பாதிக்கப்பட்டவர்கள் உலக வங்கியிடம் எப்படிப் புகார் கொடுப்பது?

நர்மதைக்குப் பின் 1993-ல் உருவான ஆய்வுக் குழு இருக்கிறது, மூன்று பேர் கொண்டது. திட்டப் பகுதியில் வாழும் இரண்டு பேர் சேர்ந்தால் போதும். வக்கீல் தேவையில்லை, சொந்த மொழியிலேயே கடிதம் எழுதலாம், பெயரை ரகசியமாக வைக்கச் சொல்லலாம். அதற்கு முன் வங்கி அதிகாரிகளிடம் குறையைச் சொல்லிப் பார்த்திருக்க வேண்டும். குழுவால் திட்டத்தை நிறுத்த முடியாது. வங்கி தன் விதிகளையே மீறியதா என்று பார்த்து வாரியத்துக்குச் சொல்லும். உகாண்டாவில் சாலைத் தொழிலாளர்கள் சிறுமிகளிடம் அத்துமீறியது இப்படி வந்த புகாரைத் தொடர்ந்து வெளிச்சத்துக்கு வந்து, 2015-ல் வங்கி அந்தத் திட்டத்தையே ரத்துசெய்தது. தனியார் நிறுவனங்களுக்குக் கடன் தரும் உலக வங்கியின் கிளையான ஐஎஃப்சி-க்குத் தனியாக ஒரு குறைதீர் அமைப்பு உண்டு.

ஒரு எச்சரிக்கை. கருத்துக்கேட்புக் கூட்டத்துக்குப் போனால் வாசலில் ஒரு வருகைப் பதிவேடு நீட்டுவார்கள். பெயர், ஊர், கையெழுத்து. தெரியாத மொழியில் திரையில் படம் ஓடும், இரண்டு பேர் கத்துவார்கள், கூட்டம் கலையும். பல மாதம் கழித்து அந்தப் பதிவேடு அறிக்கையின் பின்னிணைப்பாக, ‘மக்களோடு கலந்துபேசியதற்கு’ அத்தாட்சியாக வந்து நிற்கும். கையெழுத்துப் போட்டால் பக்கத்திலேயே ‘எதிர்க்கிறேன்’ என்று எழுதுங்கள், போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், நாள் கணக்கு. உலக வங்கித் திட்டமென்றால் கடன் கணக்கு மூடிய தேதியிலிருந்து அதிகபட்சம் 15 மாதம் வரைதான் புகாரை எடுப்பார்கள். அந்த மூடும் தேதி வங்கியின் திட்ட ஆவணத்தின் முதல் பக்கங்களிலேயே இருக்கும். பந்தல் போடும் முன் அதைத் தேடி எடுத்து எல்லோருக்கும் தெரியும்படி எழுதி ஒட்டிவிடுங்கள்.